சொசைட்டிச் சண்டைகளில் மதம் எங்கே, பழக்கம் எங்கே, அதிகாரம் எங்கே? மும்பைத் தமிழர் விவாத இழை

செம்பூர்வாசி

மும்பையில் ஹவுசிங் சொசைட்டி கமிட்டியில் இருக்கும் நம் ஆட்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். வருஷா வருஷம் வருவது அதே சண்டைகள்தான். பக்ரீத்துக்கு ஆடு கொண்டு வரலாமா, டக்ட் வழியாக ஏறும் கருவாட்டு வாசனை, கணபதி மண்டபத்து ஸ்பீக்கர், மாடியில் புறாவுக்குத் தானியம், "நான்வெஜ் குடும்பத்துக்கு வீடு தரமாட்டோம்" என்கிற உரிமையாளர்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு பக்கமும் தாங்கள் நியாயத்துக்காகப் பேசுவதாக மனசார நம்புகிறார்கள் என்பதுதான். எதிர்ப் பக்கத்துக்கு மனசாட்சியே இல்லை என்றும் நம்புகிறார்கள். மீட்டிங் முடியும்போது விஷயம் தீராமல் பகை மட்டும் மிஞ்சுகிறது. இது ஏன் இப்படிப் போகிறது, எந்த இடத்தில் கையை வைத்தால் தீரும், சட்டம் எதுவரை துணை வரும் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "எல்லோரும் ஒற்றுமையாக இருக்கணும்" என்ற அறிவுரை வேண்டாம், செய்முறை வேண்டும்.

மாட்டுங்கா மீனாட்சி

நல்ல கேள்வி. இதற்கு அடிப்படையான ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. ரிச்சர்ட் ஷ்வேடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் மூவரும் ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் குழந்தைகளையும் பெரியவர்களையும் விசாரித்து 1987-ல் வெளியிட்டார்கள். 39 செயல்களைச் சொல்லி, இது தப்பா, எவ்வளவு பெரிய தப்பு என்று கேட்டார்கள். "அப்பா இறந்த மறுநாளே மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழி சாப்பிட்டான்" என்பது அதில் ஒன்று. புவனேஸ்வரத்துப் பிராமணக் குழந்தைகள் அந்தப் பட்டியலிலேயே இதைத்தான் மிகப் பெரிய தப்பு என்றார்கள். சிகாகோ குழந்தைகளுக்கு அதில் தப்பே தெரியவில்லை. துக்க வீட்டு முறை தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஷ்வேடர் பிறகு இதை மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவருக்குத் தீங்கு வந்ததா, உரிமை பறிபோனதா என்று பார்ப்பது ஒன்று. குடும்பம், ஊர், சமூகத்துக்கு உரிய கடமை மீறப்பட்டதா என்பது இரண்டாவது. தூய்மை கெட்டதா, தெய்வத்துக்குரியது களங்கப்பட்டதா என்பது மூன்றாவது. எல்லா மனிதருக்கும் மூன்றும் உண்டு. எதற்கு எவ்வளவு எடை என்பதுதான் வளர்ப்புக்கும் மதத்துக்கும் ஏற்ப மாறுகிறது.

சொசைட்டி மீட்டிங்கில் பேச அனுமதி உள்ள மொழி முதல் வகை மட்டும்தான். "எனக்கு அருவருப்பாக இருக்கு, என் பூஜைக்கு இடைஞ்சல்" என்று எழுந்து சொல்ல யாரும் துணிவதில்லை. அதனால் அதே மனவருத்தம் "சுகாதாரக் கேடு", "குழந்தைகள் பயப்படுறாங்க", "பூச்சி வருது" என்ற வேஷத்தில் வருகிறது. ஜோனதன் ஹைட்டும் இரண்டு பிரேசில் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்விலும் இதைப் பார்க்கலாம். யாருக்கும் தீங்கு இல்லாதபடி கதையை அமைத்து (கார் ஏறிச் செத்த வளர்ப்பு நாயைச் சமைத்துச் சாப்பிடும் குடும்பம், பழைய தேசியக் கொடியைக் கிழித்துக் கழிவறை துடைக்கும் பெண்) கேட்டாலும், பலர் எப்படியாவது ஒரு பாதிப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தப்பு என்ற உணர்வு முதலில் வந்துவிடுகிறது, காரணத்தை மனம் பிறகு தேடுகிறது.

இதனால் கமிட்டி செய்யும் முதல் தவறு, சொல்லப்பட்ட காரணத்தை மட்டும் தீர்ப்பது. சுகாதாரம் என்றார்கள், சுத்தம் செய்தாயிற்று. அடுத்த வாரம் லிஃப்ட் என்பார்கள், அதற்கடுத்து பார்க்கிங். அப்போது இந்தப் பக்கம் "இவங்க வேணும்னே பண்றாங்க" என்று முடிவு கட்டும். அவர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. அசல் வருத்தத்தை யாரும் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். புகார் கொடுத்தவரைத் தனியாக உட்காரவைத்து, "நீங்க சொன்ன இந்தக் குறை முழுக்கத் தீர்ந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். அப்புறம் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். "சம்மதம்" என்றால் அது தீங்கு பற்றிய புகார், குழாயும் ஃபேனும் போட்டுத் தீர்க்கலாம். தயங்கி "அப்படியும்..." என்று இழுத்தால் அது தூய்மை பற்றியது, அல்லது "இது யார் கட்டடம்" என்பது பற்றியது. இரண்டுக்கும் மருந்து வேறு.

டோம்பிவலி வக்கீல்

மீனாட்சி அம்மா சொன்ன பிரிவுக்குச் சட்டமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. தீங்கு பற்றிய புகாருக்கு நிறைய வழி உண்டு. தூய்மை பற்றியதற்குச் சட்டத்தில் அநேகமாக எதுவும் இல்லை.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிராவின் மாதிரி பைலாவில் (சொசைட்டிகளுக்கான பொது விதித்தொகுப்பு) யார் வீட்டில் என்ன சமைக்கலாம் என்று விதி கிடையாது. மாட்டிறைச்சிக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு பசு, காளை, எருது மூன்றையும் வெட்டக் கூடாது, எருமைக்கு அந்தத் தடை இல்லை. 2016-ல் பம்பாய் உயர்நீதிமன்றம், வெளிமாநிலத்தில் வெட்டிய இறைச்சியை வைத்திருப்பதே குற்றம் என்ற பிரிவை ரத்து செய்தது. ஆக, ஆடு, கோழி, மீன் சமைப்பவரை "பைலா இருக்கு" என்று மிரட்டும் செக்ரட்டரிக்குக் கையில் காகிதம் ஒன்றும் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு உரிமையாளர் தன் ஒப்பந்தத்தில் "சைவம் மட்டும்" என்று போட்டால் அதை உடைப்பது கஷ்டம். அரசியலமைப்பின் 15-வது பிரிவு முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துகிறது, தனியார் வாடகை ஒப்பந்தத்தை நேராகத் தொடுவதில்லை. அகமதாபாத் பார்சி சொசைட்டி வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் இடம் என்ற பைலா செல்லும் என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்றும் பலருக்குக் கேடயம்.

ஆட்டு விவகாரம் இன்னும் தெளிவு. உயிரோடு ஆட்டைக் கொண்டுவருவது ஒன்று, அறுப்பது வேறு. மீட்டிங்கில் இரண்டையும் சேர்த்துக் குழப்புவார்கள். தனி ஃபிளாட்டுக்குள் அறுக்க அனுமதி கிடையாது. மற்ற இடங்களுக்கு மாநகராட்சி அனுமதி கட்டாயம். 2023 பக்ரீத்துக்கு முந்தின மாலை, தெற்கு மும்பை சொசைட்டி ஒன்றின் வழக்கை உயர்நீதிமன்றம் அவசரமாக எடுத்து, அனுமதியின்றி அங்கே அறுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மாநகராட்சியிடம் சொன்னது. அந்த வருஷம் மீரா ரோட்டில் ஒருவர் ஆடு கொண்டுவந்ததற்கே கூட்டம் கூடி, போலீஸ் வர வேண்டியதாயிற்று. அங்கே கேள்வி அறுப்பதைப் பற்றியே இல்லை. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது.

தாராவி காதர்

வக்கீல் சார் சொன்னதோடு ஒண்ணு சேர்க்கணும். குர்பானியின் (பக்ரீத்துக்குப் பிராணியை அறுத்துக் கொடுப்பது) முறை என்ன என்று எதிர்ப் பக்கத்துக்குத் தெரியாததும், நம்ம பிள்ளைகள் சிலருக்கே முழுசாத் தெரியாததும் பாதிச் சண்டைக்குக் காரணம்.

குர்பானி, பெருநாள் தொழுகை முடிந்த பிறகுதான். துல்ஹஜ் மாசம் 10, 11, 12 மூணு நாள். இது ஹனஃபி முறை, ஷாஃபி முறையில் 13-ம் சேரும் (ரெண்டும் மார்க்கச் சட்டத்தின் தனித்தனி வழிகள்). அதனால "காலையிலேயே எல்லாரும் ஒரே நேரத்துல" என்று அவசரப்பட மார்க்கத்தில் கட்டாயம் இல்லை. ரெண்டாம் நாளுக்குத் தள்ளினால் கூட்டமும் குறையும், கசாப்புக்காரரும் நிதானமாகக் கிடைப்பார். வெள்ளாடு ஹனஃபி முறையில் ஒரு வயசு, ஷாஃபியில் ரெண்டு வயசு நிறைஞ்சிருக்கணும். பெரிய பிராணி என்றால் ஏழு பங்கு. இறைச்சியை மூணாகப் பிரித்து ஏழைக்கு, உறவுக்கு, வீட்டுக்கு என்று கொடுப்பது வழக்கம். கசாப்புக் கூலியை இறைச்சியாகவோ தோலாகவோ கொடுக்கக் கூடாது, தனியாகப் பணம் கொடுக்கணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாரேன். பிராணி பார்க்கும்படி கத்தியைத் தீட்டக் கூடாது, ஒரு பிராணியின் கண் முன்னாடி இன்னொன்றை அறுக்கக் கூடாது, கத்தி கூர்மையாக இருக்கணும், இழுத்து அலைக்கழிக்கக் கூடாது. இதெல்லாம் மார்க்கம் சொல்ற ஒழுங்கு. பக்கத்து வீட்டு ஜைனக் குடும்பம் எதுக்கு வேதனைப்படுதோ, அதே விஷயத்துக்கு நம்மகிட்டேயே விதி இருக்கு. பார்க்கிங்கில் நாலு ஆட்டை வரிசையாகக் கட்டி, பிள்ளைகள் வேடிக்கை பார்க்க அறுக்கிறவர் முதல்ல தன் மார்க்கத்து ஒழுங்கைத்தான் மீறுறார். இதை ஒரு முஸ்லிம் பெரியவர் சொன்னால் எடுபடும். சொசைட்டி நோட்டீஸ் போர்டு சொன்னால் அவமானமாத் தெரியும். யார் வாயால் வருது என்பது அவ்வளவு முக்கியம்.

"ஆட்டுக்குப் பதிலா காசைத் தர்மம் பண்ணிடுங்களேன்" என்று சிலர் நல்ல எண்ணத்தில் சொல்றாங்க. ஹனஃபி முறையில் வசதி உள்ளவருக்கு இது கடமை, ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத், அதாவது நபிவழி. ரெண்டிலும் காசு அதுக்கு ஈடாகாது. இந்த யோசனையைப் பொதுக் கூட்டத்தில் வச்சால் பேச்சு அங்கேயே முறிஞ்சிடும். "தேவ்னார் அறுப்புக்கூடத்தில் வச்சுக்கிட்டு இறைச்சியை மூடிய டப்பாவில் கொண்டாங்க" என்றால் யாரும் மறுக்க மாட்டாங்க. கடமையும் நிறைவேறும், முற்றத்தில் ரத்தமும் இல்லை.

மாட்டுங்கா மீனாட்சி

காதர் அண்ணாச்சி சொன்ன அந்தக் காசு விஷயம் ஆய்விலும் வந்திருக்கிறது. ஜெரமி ஜிஞ்சஸ், ஸ்காட் அட்ரான் குழு மேற்குக் கரையில் குடியேறிய யூதர்கள், பாலஸ்தீன அகதிகள், பாலஸ்தீன மாணவர்கள் என்று மூன்று தரப்பிடம் கேட்டு 2007-ல் வெளியிட்டார்கள். புனிதமாக நினைக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி, கூடவே பணமோ வசதியோ தருகிறோம் என்றால், எதிர்ப்பும் கோபமும் குறையவில்லை, கூடியது. எதிர்த் தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றை விட்டுக்கொடுத்து, அடையாளமாகவாவது ஒப்புக்கொண்டால் எதிர்ப்பு தணிந்தது.

கமிட்டிக்கு இதில் நேரான பாடம் உண்டு. மெயின்டனன்ஸில் தள்ளுபடி, அபராதத்தில் சலுகை, "ஹாலை இலவசமாத் தர்றோம், பதிலுக்கு இதை விட்டுடுங்க" போன்ற பேரம் எல்லாம் தீங்கு வகைச் சண்டைக்குப் பொருந்தும். புனிதம் சம்பந்தப்பட்டால் அதே பேரம் அவமதிப்பாகும். அங்கே வேலை செய்வது, அவர்கள் மதிக்கும் ஒன்றை நாம் கேட்காமலே மதிப்பது. ஜைனர்களின் பர்யூஷண் விரத நாட்களில் பொதுவிடத்துச் சமையலை நிறுத்திவைப்பது, ரமலானில் இஃப்தார் நேரத்தில் லிஃப்ட் பராமரிப்பு வைக்காமல் இருப்பது மாதிரி. ஜைனர்களில் ஸ்வேதாம்பரப் பிரிவுக்குப் பர்யூஷண் எட்டு நாள், திகம்பரப் பிரிவுக்குப் பத்து நாள் என்ற அளவாவது செக்ரட்டரிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முலுண்ட் செல்வி

நான் இங்கே கொஞ்சம் மறுக்கிறேன். "தூய்மை உணர்வு, அதை மதிக்கணும்" என்று மட்டும் பேசினால் பாதி உண்மை மறைந்துவிடும். புவனேஸ்வர ஆய்வில் பிராமணக் குடும்பங்களோடு தீண்டாமைக்கு ஆளான சாதிக் குடும்பங்களையும் விசாரித்தார்கள். நம் ஊரில் தூய்மை என்பது யார் எங்கே தண்ணீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் நடக்கலாம் என்று முடிவு செய்த அதிகாரம். மும்பை சொசைட்டியில் "வெஜ் மட்டும்" என்பது முஸ்லிமை, தலித்தை, கோலி மீனவரைப் பேர் சொல்லாமலே வெளியே நிறுத்தும் வழி. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிஃப்ட், தனி டம்ளர் வைப்பவரும் "எங்க ஆச்சாரம்" என்றுதான் சொல்வார். அதையும் மதிக்கச் சொல்வீர்களா மீனாட்சி அக்கா?

எண்களையும் பாருங்கள். அமெரிக்காவின் ப்யூ ஆய்வு நிறுவனம் 2019-20-ல் இந்தியாவில் சுமார் 30,000 பேரிடம் நேரில் கேட்ட சர்வேயில், தான் சைவம் என்று சொன்னவர்கள் 39 சதவீதம். மாட்டிறைச்சி சாப்பிடுபவர் இந்துவாக இருக்க முடியாது என்றவர்கள் இந்துக்களில் 72 சதவீதம். வடக்கில் அது 83, தெற்கில் 50. அதே மதம், அதே கேள்வி, இவ்வளவு வித்தியாசம். அப்படியிருக்க ஒரு சொசைட்டியில் எழுந்து "எங்க மதத்தில் இப்படி" என்பவர் உண்மையில் தன் வட்டாரத்தின், தன் சாதியின் பழக்கத்தைச் சொல்கிறார். மாட்டுங்காவில் நம்மவர்களிலேயே ஒரு வரிசை சைவம், தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் நம்மவர்களிலேயே கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர்கள். "தமிழ்ப் பண்பாடு" என்று இதில் யார் எதைச் சொல்ல முடியும்?

மாட்டுங்கா மீனாட்சி

செல்வி கேட்டது சரியான கேள்வி, மழுப்ப விரும்பவில்லை. மதிக்க மாட்டேன். ஒருவர் தன் மீது, தன் வீட்டின் மீது, தன் சமையலின் மீது வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு ஒரு ரகம். இன்னொருவரின் உடம்பையே அழுக்காக நினைத்து, அவர் எங்கே நிற்கலாம் என்று சொல்வது வேறு ரகம். முதலாவதுக்கு இடம் ஒதுக்கலாம். இரண்டாவது ஓட்டெடுப்புக்கே வரக் கூடாது, அஜெண்டாவில் ஏற்றவே கூடாது. தீண்டாமையை 17-வது பிரிவு ஒழித்தது, அது தனியாருக்கும் பொருந்தும்.

நடைமுறையில் பிரிப்பது எளிது. கோரிக்கையில் வரும் வினை யாருடையது என்று பாருங்கள். "நான் சாப்பிட மாட்டேன்", "என் வீட்டு வாசலில் வைக்காதீங்க" என்றால் பேசலாம். "அவங்க இங்கே இருக்கக் கூடாது", "அவங்க இந்த லிஃப்ட்டில் ஏறக் கூடாது" என்றால் பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் ஒன்று, செல்வி. ஆச்சாரம் பேசுபவர் எல்லோருமே அதிகாரத்துக்காகத்தான் பேசுகிறார் என்று முன்கூட்டியே முடிவு செய்தால், அதிகாரம் எதுவும் இல்லாத, நிஜமாகவே வேதனைப்படும் வயதானவரையும் எதிரியாக்கிவிடுவோம். அவரை நம் பக்கம் இழுக்கத் தவறினால், அதிகாரத்துக்காகப் பேசுபவருக்கு அவர் ஆதரவாளராகிவிடுவார்.

ஆன்டாப் ஹில் ராஜ்

கருவாடு பேச்சு வந்ததால் டக்ட் பற்றி ஒரு வார்த்தை. பழைய கட்டடங்களில் எல்லா அடுக்களை எக்ஸாஸ்ட்டும் ஒரே ஷாஃப்ட்டுக்குள் ஊதும். சூடான காற்று மேலே ஏறும். ரெண்டாம் மாடியில் வறுத்தால் ஆறாம் மாடியில் மணக்கும், அங்கே ஃபேன் நின்றிருந்தால் வீட்டுக்குள்ளேயே இறங்கும். தீர்வு மூன்று: எக்ஸாஸ்ட்டை ஷாஃப்ட்டுக்குப் பதில் வெளிச்சுவருக்குத் திருப்புவது, ஃபேன் வாயில் திருப்பு மூடி போடுவது (காற்று வெளியே மட்டும் போகும், திரும்பி வராது), ஷாஃப்ட் உச்சியை அடைத்துவைத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் புறா வலையையும் சரி செய்து காற்றுக்கு வழி விடுவது. கடைசியதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கார்பன் ஃபில்டர் சிம்னி வாசனையைக் குறைக்கும், ஆனால் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் வெறும் ஃபேன்தான்.

இப்போது சவுண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50, 40. இரவு 10-க்குப் பிறகு திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக மாநில அரசு வருஷத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். அந்த நாட்களின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே பாதி போன் கால் குறையும்.

55 டெசிபல் என்பது ரெண்டு பேர் சாதாரணமாகப் பேசும் அளவுக்குக் கிட்டத்தட்ட. மும்பைத் தெருவின் போக்குவரத்தே அதைத் தாண்டும். அதனால் வெறும் எண்ணை வைத்து வாதாடினால் யாரும் ஜெயிக்க முடியாது. செய்யக்கூடியது இதுதான். கூம்பு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சின்னப் பெட்டி ஸ்பீக்கர்களைப் பல இடத்தில் வையுங்கள். கூம்பு ஒரே திசையில் தூரத்துக்கு அடிக்கும், பக்திப் பாட்டைக் கேட்க வந்தவரைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக் கைக்குழந்தையை எழுப்பும். திறந்தவெளியில் தூரம் ரெண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். பெட்டிகள் ஆட்களுக்குப் பக்கத்தில் இருந்தால் சவுண்டைக் குறைத்தே எல்லோருக்கும் கேட்கவைக்கலாம். உயரத்தில் கட்டாமல் காது மட்டத்துக்குச் சற்று மேலே, மண்டபத்தின் உள்பக்கம் பார்த்து வையுங்கள். சப்வூஃபரைத் தரையில் நேராக வைத்தால் தூண் வழியாக மாடி வரை அதிரும், அடியில் ரப்பர் பாய் போடுங்கள்.

அளக்கும்போது பாங்குக்கும் ஆரத்திக்கும் மாரியம்மன் கொடைப் பாட்டுக்கும் சர்ச் மைக்குக்கும் ஒரே மீட்டர், ஒரே இடம், ஒரே தூரம். நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதி, இரண்டு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். மொபைல் ஆப் எண் நமக்குள் பேச உதவும், சாட்சியாக நிற்பது கஷ்டம்.

டோம்பிவலி வக்கீல்

ராஜ் சொன்னதற்குத் துணையாக ரெண்டு தீர்ப்பு. 2000-ல் சென்னை சர்ச் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. 2025 ஜனவரியில் குர்லா பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களின் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம், ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் அத்தியாவசியம் அல்ல என்று சொல்லி, போலீஸ் எடுக்க வேண்டிய படிகளையும் வரிசையாகச் சொன்னது. முதலில் எச்சரிக்கை, மறுபடி மீறினால் அபராதம், அப்புறம் ஒலிபெருக்கி பறிமுதல். புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியே விடக் கூடாது என்பதும் அதில் உண்டு. அந்தக் கடைசி வரிதான் சொசைட்டிக்கு மிக உபயோகம். பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார் கொடுத்தார் என்று பேர் தெரிந்துவிட்டால், டெசிபல் பிரச்சினை அன்றோடு சமூகப் பிரச்சினை ஆகிவிடும்.

முலுண்ட் செல்வி

"எல்லா மதத்துக்காரரையும் ஒன்றாகக் கூட்டிப் பண்டிகை கொண்டாடினால் சரியாகிவிடும்" என்று பல கமிட்டிகள் நம்புகின்றன. அது எப்படிக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மாட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் 1,261 இளைஞர்களை வைத்து எட்டு கிரிக்கெட் லீக் நடத்தி 2021-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே அணியில் வேறு சாதியாரோடு ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிர் அணியில் வேறு சாதியார் அதிகம் இருந்தவர்களுக்கு உறவு பொதுவாகக் குறைந்தது. ஈராக்கில் சல்மா மூசா கிறிஸ்தவ, முஸ்லிம் கால்பந்து வீரர்களை வைத்துச் செய்த 2020 ஆய்வில், தன் அணியிலும் லீக்கிலும் இருந்த முஸ்லிம்களிடம் நடத்தை மாறியது. வெளியே முன்பின் தெரியாதவரிடம் அவ்வளவாக மாறவில்லை.

அதனால் ஏ விங் எதிர் பி விங் என்று மேட்ச் வைக்காதீர்கள், பல கட்டடங்களில் விங்கே மதமாகவும் மொழியாகவும் பிரிந்திருக்கிறது. கலந்த அணிகளாகப் போடுங்கள். இன்னும் நல்லது, தண்ணீர் டேங்கர் கணக்கு, ரீடெவலப்மெண்ட் பேச்சுவார்த்தை போல எல்லோர் பைசாவும் மாட்டியிருக்கும் வேலையில் சேர்த்து உட்காரவையுங்கள். ஒரு நாள் இஃப்தார் போட்டோ எடுத்துக்கொண்டு கலைவது போதாது.

தாராவி காதர்

செல்வி தங்கச்சி சொன்னதுக்கு நம்ம பக்கத்திலேயே பெரிய உதாரணம் பிவண்டி. 1970-லும் 1984-லும் மோசமான கலவரம் நடந்த ஊர். சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் துணை ஆணையர் 1988-ல் இருந்து மொஹல்லா கமிட்டிகளை, அதாவது பேட்டைக் கமிட்டிகளை அமைச்சார். இந்து, முஸ்லிம் ரெண்டு பேரும் இருக்கிற கமிட்டி, கூட ஒரு போலீஸ்காரர், தொடர்ந்து கூட்டம். பேசினது சமாதானத்தைப் பத்தி இல்லை, சாக்கடை, வாடகைத் தகராறு, குடும்பச் சண்டை, லைசென்ஸ். 1992-93-ல் மும்பை எரிஞ்சு சுமார் 900 பேர் செத்தப்ப, பிவண்டி அமைதியாக இருந்தது. வதந்தி வந்தா யாருக்குப் போன் பண்ணணும், அந்த ஆள் எடுப்பாரா என்று முன்னாடியே தெரிஞ்சிருந்தது. அஷுதோஷ் வர்ஷ்னே என்ற ஆய்வாளர் ஆறு நகரங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுச் சொன்னதும் இதைத்தான்: தெருவில் சிரிச்சுப் பேசிக்கிறதை விட, சங்கம், யூனியன், வியாபாரக் கூட்டுன்னு அமைப்பாகச் சேர்ந்திருக்கிற ஊர் கலவரத்தைத் தாங்குது.

கலவரத்துக்கு அப்புறம் மும்பையிலும் சதீஷ் சஹானி, ஜூலியோ ரிபெய்ரோ, சுஷோபா பார்வே போன்றவங்க மொஹல்லா கமிட்டி இயக்கத்தைக் கட்டினாங்க. தாராவியில் பாவு கோர்டே, வகார் கான் ரெண்டு பேரும் பல மதப் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தி எடுத்த போஸ்டர் இன்றைக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அப்புறம், ஊர்வலத் தேதி. 2023 செப்டம்பர் 28-ல் அனந்த சதுர்த்தசியும் (கணபதியைக் கரைக்கும் நாள்) மீலாதும் (நபி பிறந்த நாள்) ஒரே நாளில் வந்தது. முஸ்லிம் அமைப்புகள் ஊர்வலத்தை மறுநாளைக்குத் தள்ளினாங்க, அரசு 29-ந்தேதி விடுமுறை அறிவிச்சது. 2024-ல் மும்பையில் விடுமுறையை 18-க்கும், 2025-ல் செப்டம்பர் 8-க்கும் மாத்தினாங்க. மூணு வருஷம் தொடர்ந்து. ரெண்டு கூட்டமும் ஒரே ரோட்டில் எதிரெதிரே வரவிடாம, பெரியவங்க முன்னாடியே உட்கார்ந்து பேசினதால் வந்த பலன். தொழுகையும் பூஜையும் அந்தந்த நாளில்தான் நடந்தது, ஊர்வலம் மட்டும் நகர்ந்தது. எது நகரும், எது நகராது என்று அந்தந்த மதத்துக்காரங்க வாயாலேயே கேட்டுக்கணும்.

செம்பூர்வாசி

மிக உபயோகம், அண்ணாச்சி. தாதர் புறாக்கூடத்தை, அதாவது புறாக்களுக்குத் தானியம் போடும் பொதுவிடத்தை, யாரும் தொடவில்லையே? 2025 ஜூலையில் மாநகராட்சி மூடத் தொடங்கி, தார்ப்பாய் போட்டு, ஆகஸ்டில் கூட்டம் அதைக் கிழித்து, உயர்நீதிமன்றம் வரை போனது. அங்கே இரண்டு பக்கமும் உயிரைத்தான் பேசினார்கள். ஒரு பக்கம் பறவையின் பசி, இன்னொரு பக்கம் புறா எச்சத்தாலும் இறகாலும் வரும் நுரையீரல் அழற்சி. எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளிலும் அதே பிரச்சினை.

மாட்டுங்கா மீனாட்சி

அதனால்தான் அது கடினம். இரக்கம் உள்ளவர், இரக்கம் இல்லாதவர் என்று பிரிக்க முடியாது. ஜைனக் குடும்பத்துக்கு ஜீவதயை என்பது தினசரிக் கடமை. கூடவே மராத்தி, குஜராத்தி என்ற மொழி வேறுபாடும் சேர்ந்துகொண்டதால் புறா பின்னுக்குப் போய் "இது யார் ஊர்" என்பது முன்னுக்கு வந்தது.

உங்கள் மாடிக்கு: கடமை என்பது உயிருக்கு உணவிடுவது, அந்த மாடியில் இடுவது அல்ல. தானியம் போடுபவரிடம் இதைக் கேள்வியாக வையுங்கள், அவரே பதில் சொல்லட்டும். பாஞ்சராப்போலுக்கு (விலங்கு, பறவைக் காப்பகம்) நன்கொடை, குடியிருப்பு இல்லாத இடத்தில் உணவிடுதல் போன்றவற்றை அவர்கள் தரப்புப் பெரியவர் மூலமாகப் பேசுங்கள். மாடியில் உணவை ஒரே நாளில் நிறுத்தினால் பறவைகள் பக்கத்து ஜன்னல்களில் மொய்த்துப் புதுச் சண்டை வரும், அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது, தூள் பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மாஸ்க்கும் கையுறையும் போட்டு அள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

டோம்பிவலி வக்கீல்

கடைசியாக, 2026-க்கான நாள்காட்டியும் நோட்டீஸும். மார்ச் முதல் வாரம் ஹோலி, ரமலான் நடுவில் வருகிறது. பக்ரீத் மே கடைசி வாரம். இந்த வருஷம் அதிக மாசம் (பஞ்சாங்கத்தில் கூடுதலாக வரும் மாசம்) வருவதால் கணேச சதுர்த்தி செப்டம்பர் 14-க்குத் தள்ளிப்போகிறது, மீலாது ஆகஸ்டிலேயே முடிந்துவிடும். மூன்று வருஷமாக நடந்த தேதி மோதல் இந்த முறை இல்லை.

சிறப்புப் பொதுக்குழுவுக்கு முழுதாக ஐந்து நாள் முன் அறிவிப்பு தர வேண்டும். பக்ரீத்துக்கு மூன்று நாள் முன்னால் அவசரமாகக் கூட்டினால் நோட்டீஸே செல்லாது, மனசும் கொதித்துக்கொண்டிருக்கும். மார்ச்சிலேயே கூட்டுங்கள். அஜெண்டா வாசகம் இப்படி இருக்கட்டும்: "எல்லாப் பண்டிகைகளுக்கும் பொதுவிடம், ஒலி, கழிவு, விலங்குகள் குறித்த பொது விதி." எந்த மதத்தின் பேரும், எந்தப் பண்டிகையின் பேரும் தலைப்பில் வரக் கூடாது. உள்ளே: பொதுவிடத்துக்கு யாராக இருந்தாலும் ஏழு நாள் முன் விண்ணப்பம், ஒரே படிவம், ஒரே டெபாசிட், சுத்தம் செய்து முடிக்கும் நேரம், பொறுப்பாளர் பேரும் போன் நம்பரும், வளாகத்தில் அறுப்பு இல்லை, விலங்கைக் கொண்டுவந்தால் எங்கே, எத்தனை நாள், யார் சுத்தம் செய்வது. வாட்ஸ்அப் குரூப்பில் இது பற்றிய விவாதத்தை மூடிவிட்டு, கருத்துகளைச் செக்ரட்டரிக்கு எழுத்தில் தரச் சொல்லுங்கள். போட்டோவோ வீடியோவோ வந்தால் எடுத்த தேதி, இடம் இல்லாமல் யாரும் ஃபார்வர்டு செய்யக் கூடாது.

கருத்து வேறுபாடு முற்றினால் கமிட்டி, பிறகு ரெஜிஸ்ட்ரார், பிறகு 1960 சட்டத்தின் 91-வது பிரிவின் கீழ் கூட்டுறவு நீதிமன்றம். கைகலப்பு, மிரட்டல் என்றால் நேராகப் போலீஸ், கமிட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தாராவி காதர்

வக்கீல் சார், அந்தப் படிவத்தில் ஒரு சின்ன மாற்றம் பண்ணணும். பெருநாள் தேதி பிறை பார்த்துத்தான் உறுதியாகும், ஒரு நாள் முன்னே பின்னே போகும். "தேதி" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "மாற்றுத் தேதி" என்று இன்னொரு கட்டம் போட்டுடுங்க. இல்லாட்டி முதல் வருஷமே, தேதி தப்பு என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு பேச்சு வரும்.